டிசிஎஸ், இன்ஃபோசிஸ், ஹெச்சிஎல் டெக், விப்ரோ: 12 வருடம் தொடாமல் வைக்க எது?

கயல்_மதுரை:

2004 ஆகஸ்டில் டிசிஎஸ் பங்குகள் முதல்முறையாக வெளியானபோது அப்பா விண்ணப்பம் போட்டிருக்கிறார். 850 ரூபாய் விலையில் 10 பங்கு கிடைத்தது. மொத்தம் 8,500 ரூபாய், அன்று எங்கள் வீட்டுக்கு அது பெரிய பணம். அப்புறம் 2006, 2009, 2018 என்று மூன்று முறை ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு இலவசமாக வந்து அந்தப் பத்து இப்போது 80 ஆகியிருக்கிறது. ஒன்றைக்கூட அவர் விற்கவில்லை. போன மாதம் 80-ஐயும் என் டீமேட் கணக்குக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். 2025 ஆகஸ்டு விலை 3,100 பக்கம், ஆக இரண்டரை லட்சம் வரும், இத்தனை வருட டிவிடெண்ட் (லாபத்திலிருந்து கம்பெனி கொடுத்த பணம்) தனி.

என் மகள் நாலாவது படிக்கிறாள். அவள் படிப்பு முடியும்வரை, ஒரு 12 வருடத்துக்கு, தொடாமல் வைக்க என்னிடம் 5 லட்சம் இருக்கிறது. மென்பொருள் கம்பெனிதான் என்று முடிவு செய்துவிட்டேன், எனக்கு உள்ளே போய்ப் புரிந்துகொள்ள முடிகிற தொழில் அது ஒன்றுதான். வீட்டில் எல்லாரும் டிசிஎஸ் தவிர வேறு எதையும் பார்க்காதே என்கிறார்கள். ஆனால் 2024-ல் 4,500-ஐத் தாண்டிய பங்கு இது, இப்போது இந்த விலை, போதாக்குறைக்கு 2025 ஜூலையில் 12,000 பேர் வரை ஆள் குறைப்பு என்ற செய்தி. நான்கு கம்பெனியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஒரே மாதிரிதான் பேசுகின்றன. எதை வைத்து எடைபோடுவது? பெயரைச் சொல்லாமல் காரணத்தைச் சொல்லுங்கள்.

பங்குப்பித்தன்:

டிசிஎஸ்தான். டாடா குழுமம், கடன் இல்லை, கிட்டத்தட்ட 6 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள், மார்ஜின், அதாவது நூறு ரூபாய் வருமானத்தில் தொழிலில் மிஞ்சுகிற லாபம், 24 சதவீதத்துக்கு மேல். அப்பா செய்ததையே நீங்களும் செய்யுங்கள்.

வரவுசெலவு:

அம்மா கயல், உங்கள் கேள்வி நல்ல கேள்வி. நான் 31 வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், கம்பெனியின் பெயரைப் பார்த்துக் கடன் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தவன். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பத்து வருட இடைவெளியில் இரண்டு ஆண்டறிக்கைகளை மட்டும் எதிரெதிரே வையுங்கள். டிசிஎஸ் 2014-15-ல் ஈட்டிய வருமானம் ₹94,648 கோடி. 2024-25-ல் ₹2,55,324 கோடி. கணக்குப் போட்டால் வருடத்துக்கு 10 சதவீதத்துக்குச் சற்று மேல் வளர்ச்சி. சரி, நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது அதே வருமானத்தை டாலரில் பாருங்கள்: 1,545 கோடி டாலர் 3,018 கோடி டாலராக ஆகியிருக்கிறது, அதாவது வருடத்துக்கு 7 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நடுவில் இருக்கிற மூன்றரை சதவீதம் எங்கிருந்து வந்தது? 61 ரூபாயாக இருந்த டாலர் 84-85 ஆனதிலிருந்து. அந்த வளர்ச்சியைக் கம்பெனி உழைத்துச் சம்பாதிக்கவில்லை, ரூபாய் இறங்கியதால் வந்து சேர்ந்தது. நான்கு கம்பெனிக்கும் அது சமமாக வரும், ஆகவே ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும் என்றால் டாலரில்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் வீட்டில் யாரும் சொல்லாத ஒன்று தெரியும். இன்ஃபோசிஸ் அதே பத்து வருடத்தில் 871 கோடி டாலரிலிருந்து 1,928 கோடி டாலருக்குப் போயிருக்கிறது, வருடத்துக்கு 8 சதவீதத்துக்கு மேல். டிசிஎஸ்ஸை விட வேகம். விப்ரோவின் ஐடி சேவைப் பிரிவு 708 கோடியிலிருந்து 1,051 கோடிக்குத்தான் வந்திருக்கிறது, வருடத்துக்கு 4 சதவீதம். ஒரே சந்தை, ஒரே மாதிரி வாடிக்கையாளர்கள், ஒரே கல்லூரிகளிலிருந்து எடுத்த பிள்ளைகள். அப்படியும் இவ்வளவு வித்தியாசம்.

பங்குப்பித்தன்:

சார், அப்படியானால் இன்ஃபோசிஸ்தான் வாங்க வேண்டும் என்கிறீர்களா? 2017 ஆகஸ்டில் அதன் தலைவர் விஷால் சிக்கா விலகினார், 2019 அக்டோபரில் பெயர் தெரியாத ஊழியர்கள் கணக்கு வழக்கில் புகார் என்றதும் ஒரே நாளில் 16 சதவீதம் விழுந்தது. அந்த நாள்களில் யாராவது நிம்மதியாகத் தூங்கியிருப்பார்களா? டிசிஎஸ்ஸில் தலைவர் மாறினால் செய்தித்தாளில் நாலாம் பக்கத்தில் வரும், அவ்வளவுதான்.

வரவுசெலவு:

தம்பி, நான் இன்னும் முடிக்கவில்லை. இன்ஃபோசிஸின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ரூபாயில் வருமானம் ₹53,319 கோடியிலிருந்து ₹1,62,990 கோடி, மூன்று மடங்கு. லாபம் ₹12,300 கோடி சொச்சத்திலிருந்து ₹26,713 கோடி, இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அப்படியானால் நடுவில் என்ன நடந்தது? இயக்க மார்ஜின் 26 சதவீதத்துக்கு அருகில் இருந்தது 21-க்கு இறங்கியிருக்கிறது. வளர்ச்சிக்காக விலையை விட்டுக்கொடுத்தார்கள், அமெரிக்காவிலேயே ஆள் எடுத்தார்கள், அதற்கெல்லாம் செலவு ஆயிற்று. டிசிஎஸ்ஸும் இறங்கியிருக்கிறது, ஆனால் இரண்டரை சதவீதம் போல. ஒருவர் வேகமாக வளர்ந்து லாபத்தை விட்டார், இன்னொருவர் மெதுவாக வளர்ந்து லாபத்தைப் பிடித்துக்கொண்டார். பங்குதாரருக்கு வந்து சேர்ந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. இதைத்தான் நான் உங்கள் கண்ணில் காட்ட நினைத்தேன்.

தலைவர் மாறுவதைப் பற்றிச் சொன்னீர்கள். அந்தச் சத்தம் அடங்கியபிறகு, 2018 ஜனவரியில் சலில் பரேக் வந்தார், இன்றுவரை அவர்தான் இருக்கிறார், கம்பெனி அதற்குப்பிறகுதான் இன்னும் வேகம் எடுத்தது. ஆகவே யார் போனார், யார் வந்தார் என்பதை விட, கையில் இருக்கிற ரொக்கத்தை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஓஎம்ஆர்_ரவி:

நான் 18 வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன், டெலிவரி மேனேஜராக இருந்து வெளியே வந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். உள்ளேயிருந்து பார்த்ததைச் சொல்கிறேன், கயல் மேடத்துக்கு உதவலாம்.

இந்தத் தொழில் ஒரு பிரமிடு. கீழே ஃப்ரெஷர்கள், அதாவது படிப்பு முடித்து நேரே வந்தவர்கள், மேலே அனுபவஸ்தர்கள். ஃப்ரெஷரின் வருடச் சம்பளம் பல வருடமாக மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. பிரமிடின் அடிப்பாகம் அகலமாக இருக்கும்வரை மார்ஜின் இருக்கும். நடுவில் வேலை தெரிந்தவர்கள் கிளம்பிப் போனால் பிரமிடு சாயும். அதனால் நான் எந்தக் கம்பெனியின் காலாண்டு ரிசல்ட் வந்தாலும் லாபத்துக்கு முன்னால் ஆட்ரிஷனைத்தான், அதாவது ஒரு வருடத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதைத்தான், பார்ப்பேன். 2022-ல் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தபோது இன்ஃபோசிஸில் அது ஜூன் காலாண்டில் 28.4 சதவீதத்தைத் தொட்டது. டிசிஎஸ்ஸில் உச்சமே 21.5, அதுவும் செப்டம்பர் காலாண்டில்.

அந்தச் சதவீதம் தரையில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எங்கள் டீமில் 14 பேர், ஒரு வெளிநாட்டு வங்கியின் கடன் வசூல் மென்பொருளைப் பராமரிக்கிற வேலை. மூன்று மாதத்தில் ஆறு பேர் பேப்பர் போட்டார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு மட்டும்தான் மாதக் கடைசி இரவில் ஓடுகிற ஒரு பழைய புரோகிராம் எங்கே நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அவள் எழுதி வைத்துவிட்டுப் போன நோட்டு 11 பக்கம். பத்தாம் பக்கத்துக்குப் பிறகு இருந்ததை எங்களில் யாருக்கும் முழுதாகப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை. அந்த மாதக் கடைசியில் அது நின்றது. வங்கியின் ஆள் காலை நாலு மணிக்கு எனக்கு போன் செய்தார், குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவசரத்துக்கு வெளியிலிருந்து ஒப்பந்த ஆட்களை எடுத்தோம், எங்கள் ஆளுக்குக் கொடுப்பதைப்போல் இரண்டு பங்கு பணம். அந்தச் செலவு இரண்டு காலாண்டு கழித்து ஆண்டறிக்கையில் துணை ஒப்பந்தச் செலவு என்று ஒரு வரியாக வந்து உட்கார்ந்தது. அதைப் படிக்கிற முதலீட்டாளருக்கு அது ஒரு எண். எனக்கு அது அந்த நாலு மணி போன்.

ஆகவே மேடம், ஆட்ரிஷன் ஏறி, துணை ஒப்பந்தச் செலவும் கூடவே ஏறினால் உள்ளே ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது.

நெல்லை_செல்வம்:

நீங்கள் எல்லாரும் போன பத்து வருடத்தைப் பேசுகிறீர்கள். கயல் கேட்பது அடுத்த 12 வருடம். ரவி அண்ணா சொன்ன அந்தப் பிரமிடின் அடிப்பாகம் செய்கிற வேலையைத்தான் இப்போது ஏஐ செய்யத் தொடங்கியிருக்கிறது. டெஸ்டிங், பழைய கோடைப் புதிய மொழிக்கு மாற்றுவது, டிக்கெட் (வாடிக்கையாளர் அனுப்பும் புகார்) பார்ப்பது. மணிக்கணக்கில் பில் போடுகிற கம்பெனிக்கு, மணி குறைந்தால் பில்லும் குறையும். வாடிக்கையாளர் சும்மா இருப்பாரா, மிச்சப்படுத்தியதில் எனக்கும் பங்கு கொடு என்று ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கேட்கத்தான் செய்வார். என்னைக் கேட்டால் சேவைக் கம்பெனிகளை விட்டுவிட்டுப் பொருள் விற்கிற கம்பெனிக்குப் போக வேண்டும். ஒரு தடவை எழுதிய மென்பொருளை ஆயிரம் பேருக்கு விற்கலாம், விற்பனை கூடினால் ஆள் கூட வேண்டியதில்லை. ஒரு கம்பெனி தன் கணக்கு வழக்கு முழுவதையும் எஸ்ஏபி மென்பொருளில் ஏற்றிவிட்டால் அதைப் பிடுங்கி வெளியே எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்தப் பிடிப்பு சேவைக் கம்பெனிக்குக் கிடையாது.

சாத்தூர்_சேகர்:

செல்வம், நீ சொல்வது தொழிலைப் பொறுத்தவரை சரி. ஆனால் நல்ல தொழில் என்பது வேறு, நல்ல விலையில் வாங்கிய தொழில் என்பது வேறு. மைக்ரோசாஃப்ட்டை விடப் பிடிப்புள்ள மென்பொருள் கம்பெனி உண்டா? 1999 டிசம்பர் உச்சத்தில் அதை வாங்கியவர், அந்த விலையை மறுபடி பார்க்க 2016 அக்டோபர்வரை காத்திருந்தார். கிட்டத்தட்ட 17 வருடம். இத்தனைக்கும் அந்தக் காலத்தில் கம்பெனியின் வருமானம் மூன்று மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. கம்பெனி தோற்கவில்லை, வாங்கியவர் கொடுத்த விலைதான் தோற்றது.

நம் பக்கத்திலேயே ஒன்று சொல்கிறேன். சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் 36 டாலருக்குப் பங்கு வெளியிட்டபோது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, இன்றும் இருக்கிறது. வருமானம் வருடா வருடம் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் பங்கு இன்று அந்த விலையில் பாதிகூட இல்லை. பொருள் கம்பெனி என்ற ஒரே காரணத்துக்காக எந்த விலையும் கொடுத்துவிடக் கூடாது.

நெல்லை_செல்வம்:

ஒத்துக்கொள்கிறேன் அண்ணாச்சி. விலையை நான் யோசிக்கவில்லை.

வரவுசெலவு:

சேகர் சொன்னதோடு சேர்த்து ரொக்கத்தைப் பற்றி நான் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

விப்ரோ 2021-ல் கேப்கோ என்ற நிதித்துறை ஆலோசனைக் கம்பெனியை 145 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அதன் வரலாற்றிலேயே பெரிய கொள்முதல். அப்புறம் வருமானம் என்ன ஆயிற்று? 2022-23-ல் ₹90,488 கோடி, 2024-25-ல் ₹89,088 கோடி. ரூபாய் இறங்கியும் வருமானம் குறைந்திருக்கிறது. கொள்முதலுக்குத் தலைமை தாங்கிய அப்போதைய தலைமை அதிகாரி தியரி டெலாபோர்ட் பதவிக்காலம் முடியும் முன்பே 2024 ஏப்ரலில் விலகிவிட்டார். பங்குதாரரின் 145 கோடி டாலர் எதை வாங்கிக் கொடுத்தது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை.

ஹெச்சிஎல்லும் இப்படி ஒன்று செய்தது. 2018 டிசம்பரில் ஐபிஎம்மின் பழைய மென்பொருள்களை, நோட்ஸ், டாமினோ மாதிரி, 180 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. செத்துப்போன பொருளுக்கு இவ்வளவா என்று எல்லாரும் பேசினார்கள், அன்று பங்கு இறங்கவும் செய்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பிரிவு பெரிதாக வளரவில்லை, ஆனால் அந்த மென்பொருள்களைப் பயன்படுத்துகிற கம்பெனிகள் பராமரிப்புக் கட்டணத்தை வருடா வருடம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வயதான தென்னை மாதிரி, புதுக் குருத்து இல்லாவிட்டாலும் காய் விழுகிறது. அதே சமயம் சேவைப் பக்கமும் நிற்காமல் போய், 2024-25-ல் ₹1,17,055 கோடி வருமானம். 2018-ல்தான் விப்ரோவை முந்தினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

டிசிஎஸ் அந்தப் பத்து வருடத்தில் பெரிய கம்பெனி எதையும் வாங்கவில்லை. மிஞ்சியதைப் பங்குதாரருக்கே திருப்பியது. 2017-லிருந்து 2023 வரை ஐந்து பைபேக் (கம்பெனி தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்குவது), மொத்தம் ₹83,000 கோடி, டிவிடெண்ட் போக. இன்ஃபோசிஸ் ஐந்து வருடத்தில் செலவெல்லாம் போகக் கையில் மிஞ்சுகிற ரொக்கத்தில் 85 சதவீதத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி அதன்படி நடக்கிறது. வங்கிக்காரனாக எனக்கு இது ஏன் முக்கியம் என்றால், 2009 ஜனவரி 7 எனக்கு மறக்காது. சத்யம் என்ற மென்பொருள் கம்பெனியின் கணக்கில் இருந்த ரொக்கத்தில் ₹5,040 கோடி இல்லவே இல்லை என்று அதன் நிறுவனர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதிய நாள். தாளில் இருக்கிற பணத்தை யாரும் எழுதிவிடலாம். வருடா வருடம் இத்தனை ஆயிரம் கோடியைப் பங்குதாரர் கணக்கில் போட வேண்டும் என்றால் நிஜப் பணம் வேண்டும்.

கயல்_மதுரை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து வரவுசெலவு சார் சொன்ன மாதிரி தாளில் எழுதினேன். ஒரு சந்தேகம். 2024-25-ல் டிசிஎஸ், இன்ஃபோசிஸ் இரண்டும் நிலையான நாணய மதிப்பில், அதாவது நாணய மாற்று விகிதத்தின் ஏற்ற இறக்கத்தை நீக்கி, 4.2 சதவீதம் வளர்ந்ததாகப் போட்டிருக்கிறது. ஒரே எண். அப்படியானால் இரண்டும் சமம்தானே?

ஓஎம்ஆர்_ரவி:

எண் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. டிசிஎஸ் கூட்டணிக்கு 2023-ல் பிஎஸ்என்எல் 4ஜி வேலை ₹15,000 கோடிக்கு மேல் கிடைத்தது. அதில் கருவிகள் வாங்கிக் கொடுப்பதும் அடங்கும். அந்த வேலை உச்சத்தில் ஓடியபோது இந்தியா வருமானம் துள்ளியது, அது முடியும் தறுவாயில் 2025 ஜூன் காலாண்டில் வருமானம் இறங்கியது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் அமெரிக்காவில் வளர்ச்சி எவ்வளவு மந்தம் என்று தெரியும். எந்தப் பிராந்தியத்தில் எவ்வளவு என்ற அட்டவணை ஒவ்வொரு ரிசல்ட்டிலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும், அதைப் பாருங்கள். ஒரு பெரிய ஆர்டர் வந்து போவது தப்பில்லை, அதை வளர்ச்சி என்று நாம் எண்ணிக்கொள்வதுதான் தப்பு.

கோவை_அமுதா:

கயல், இத்தனை பேர் பேசிவிட்டார்கள், ஒருவரும் இதைக் கேட்கவில்லை. எனக்குப் புரிகிற தொழில் என்றீர்களே, நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?

கயல்_மதுரை:

ஐடிதான் அக்கா. சென்னையில் டெஸ்டிங் லீட். அவரும் ஐடி. பெரும்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கி ஆறு வருடம் ஆகிறது, கடன் இன்னும் 13 வருடம் இருக்கிறது.

கோவை_அமுதா:

அதைத்தான் நினைத்தேன். இரண்டு சம்பளம், அதை நம்பி ஒரு வீட்டுக்கடன், அந்த வீட்டின் விலையே ஓஎம்ஆர் சாலை ஐடி கம்பெனிகளில் வேலை இருப்பதை நம்பி நிற்கிறது. கையில் 80 டிசிஎஸ் பங்கு வேறு. இதன் மேல் 5 லட்சத்தையும் அதே தொழிலில் போட்டால், அமெரிக்காவில் நாலு வங்கிகள் செலவைக் குறைக்கலாம் என்று முடிவெடுக்கிற வருடத்தில் உங்களுக்கு எல்லாமே ஒரே நேரத்தில் சுருங்கும். பங்கு விலை 30 சதவீதம் கீழே கிடக்கிற அதே மாதத்தில் சம்பளமும் நின்றால் மகளுக்கு என்று வைத்ததைத்தான் எடுப்பீர்கள். விற்கக் கூடாத நேரத்தில் விற்க வைப்பது அதுதான். எங்கள் வீட்டில் 2009-ல் நடந்தது, என் கணவருக்கு எட்டு மாதம் வேலை இல்லை, என் நகைக்கு முன்னால் போனது பங்குகள்தான், அடிமட்ட விலைக்கு.

இந்த நான்கில் எது நல்லது என்பதற்கு வரவுசெலவு சாரின் பதிலை விட நல்ல பதில் என்னிடம் இல்லை. ஆனால் எவ்வளவு போடலாம் என்பதை உங்கள் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வரவுசெலவு:

அமுதா சொன்னதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கடன் கொடுக்கும்போது விண்ணப்பதாரர் எங்கே வேலை பார்க்கிறார் என்பதுதான் முதல் கேள்வி, இங்கே விட்டுவிட்டேன். கயல், நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (சந்தையின் 50 பெரிய கம்பெனிகளையும் சேர்த்து வாங்குகிற நிதி) போட்டாலும் அதில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு ஐடிதான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கயல்_மதுரை:

இதை நான் யோசிக்கவே இல்லை அக்கா. படித்துவிட்டு அவரிடம் காட்டினேன், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்பா கொடுத்த 80 அப்படியே இருக்கட்டும், அதைத் தொட மனம் வரவில்லை. 5 லட்சத்தில் 1 லட்சம் மட்டும் ஹெச்சிஎல்லுக்கோ இன்ஃபோசிஸுக்கோ, அதையும் ஒரே நாளில் போடாமல் வருடம் முழுவதும் பிரித்து. மீதி ஐடி அல்லாத இடத்துக்கு. இரண்டில் எது என்று முடிவு செய்யப் பத்து வருடக் கணக்கை ஹெச்சிஎல்லுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். 2015-16 வருமானம் மட்டும் திடீரென்று குறைந்த மாதிரி வருகிறது, எங்கே தப்பு செய்தேன் என்று தெரியவில்லை.

வரவுசெலவு:

தப்பு உங்களுடையது இல்லை. ஹெச்சிஎல்லின் கணக்கு வருடம் முன்பு ஜூனில் முடியும், அந்த வருடம்தான் மார்ச்சுக்கு மாற்றினார்கள். 2015 ஜூலையிலிருந்து 2016 மார்ச் வரை ஒன்பது மாதக் கணக்குதான் அதில் இருக்கிறது. அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலாண்டுகளாகப் பிரித்து எழுதுங்கள், சரியாக வந்துவிடும்.